எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு மூக்கு விவகாரம்

குரூப்: நம்ம வீடு 🏠

அப்பா: பாப்பா, லோன் பேப்பர்ல உன் காலேஜ் பேரை "ஓவியஸ்"னு அடிச்சு வச்சிருக்காங்க. கவுன்டர்ல இருந்த தம்பி "ஓவியம் சொல்லித்தர்ற காலேஜா சார், மெடிசின்னு போட்டிருக்கே"ன்னு கேக்குறாரு. போனஃபைடு இன்னொரு தடவை அனுப்பு.

சித்தப்பா: 😂😂 டாக்டராகப் போனவ வாட்டர் கலர் டப்பாவோட வரப்போறா

நான்: அப்பா, ஓ-வி-டி-யஸ். ஓவியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்தாங்க

நான்: [பிடிஎஃப்]

அத்தை: அது என்னடி பேரு, சாமி பேரா?

நான்: கவிஞர் பேரு அத்தை. ரோம்ல பெரிய ஆளு. கடைசியா செத்தது இந்த ஊர்ல. அப்ப இதுக்கு டோமிஸ்னு பேரு, இப்ப கான்ஸ்டன்சா. எங்க திரும்பினாலும் இவர்தான். ஊர் நடுவுல ஓவிடியு சதுக்கம், பக்கத்துல ஓவிடியுன்னு ஒரு டவுன், ஏரிக்குள்ள ஓவிடியு தீவு. எங்க லேப்லயே ஓவிடியுன்னு ரெண்டு பசங்க இருக்காங்க

அண்ணன்: நம்ம ஊர்ல முருகன், குமார் மாதிரி

நான்: அதேதான். ருமேனியா பூரா வைக்கிற பேரு

தாத்தா: கவிஞன் பெயரில் இருக்கும் கல்லூரியில் மருத்துவம். நன்று. பெயருக்குப் பொருள் என்ன?

நான்: வந்துட்டீங்களா தாத்தா 😄 முழுப்பேரு பூப்லியுஸ் ஓவிடியுஸ் நாஸோ. ரோம்காரங்களுக்கு மூணு அடுக்கு. முதல் பேரு வீட்டுல கூப்பிட. நடுவுல இருக்கறது குலப்பேரு. கடைசி பட்டப்பேரு, யாரோ ஒரு பாட்டனுக்கு வச்சது அப்படியே பரம்பரையா இறங்கிரும்

நான்: நாஸோன்னா மூக்கன் 👃

சித்தப்பா: என்னது

சித்தப்பா: மூக்கையாவா!!!

அம்மா: சிரிக்காதீங்க. எங்க பெரியம்மா வீட்டுக்காரர் பேரே மூக்கையாதான். முன்னாடி பிறந்ததெல்லாம் தங்கலன்னு மூக்கு குத்தி வச்ச பேரு.

நான்: இது அந்த மாதிரி வேண்டுதல் இல்லம்மா, சும்மா உருவத்தைப் பார்த்து வச்சது. அனாட்டமில மூக்கெலும்புக்கு ஓஸ் நாசாலேன்னு மனப்பாடம் பண்றோமே, அதே வேர்ச்சொல்தான். சிசரோன்னு பெரிய பேச்சாளர் இருந்தாரே, அவர் பேருக்கு அர்த்தம் கொண்டைக்கடலை. முப்பாட்டன் ஒருத்தர் மூக்கு நுனியில கடலையில இருக்கற மாதிரி ஒரு பிளவு இருந்துச்சுன்னு ப்ளூட்டார்க்னு ஒரு கிரேக்க எழுத்தாளர் எழுதி வச்சிருக்கார். ஹோரஸ்னு இன்னொரு கவிஞர், அவர் பட்டப்பேரு ஃப்ளாக்குஸ். தொங்கு காதன்

அத்தை: நம்ம தெருவே தேவல

தாத்தா: அந்த நடுப்பெயர்?

நான்: லத்தீன்ல ஓவிஸ்னா செம்மறி ஆடு, ஓவும்னா முட்டை. நடுக்காலத்து வாத்தியாருங்க முட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உலகமே ஒரு முட்டை மாதிரி, அதைப் பிரிச்சுப் பாடினவர், அதனால முட்டையைப் பிரித்தவன்னு பொருள் சொல்லியிருக்காங்க

சித்தப்பா: ஆம்லெட் கவிராயர்

தாத்தா: சொல்லை உடைத்து வேண்டிய பொருளைக் கட்டுவது எல்லா ஊர் வாத்தியாரும் செய்வதுதான். நானும் முப்பது வருடம் செய்திருக்கிறேன்.

நான்: ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்துல இதைக் கிண்டலே பண்ணிருக்கார் தாத்தா. அதுல வர்ற பள்ளிக்கூட வாத்தியார், கற்பனைப் பூக்களை மோப்பம் பிடிக்கிறதாலதான் அவர் நாஸோங்கிறார்

நான்: ஆனா உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். இவர் தன் பாட்டுல ஒரு இடத்துலகூட தன்னை ஓவிடியுஸ்னு சொல்லிக்கல. எல்லா இடத்துலயும் நாஸோதான். ஏன்னு சொல்லுங்க

தாத்தா: அவையடக்கமோ?

நான்: அடக்கமா! அவர் கர்வத்தை அப்புறம் சொல்றேன். காரணம் யாப்பு

தாத்தா: விளக்கமாகச் சொல்.

நான்: நாம ஓவிடியஸ்னு நெடில் போட்டு எழுதுறோம். லத்தீன்ல அது குறில். ஒ-வி-தி-உஸ். அவர் பாடின யாப்புல சீர் எப்பவும் நெடில்ல ஆரம்பிக்கணும். நெடிலுக்கு அப்புறம் இன்னொரு நெடில் வரலாம், இல்ல ரெண்டு குறில் வரலாம். மூணு குறில் வரிசையா வந்தா அடிக்குள்ள உக்காரவே உக்காராது

தாத்தா: ஒ. வி. தி.

தாத்தா: மூன்றும் குறில்! தளை தட்டுகிறது.

தாத்தா: நா-ஸோ. இரண்டும் நெடில். கச்சிதம்.

நான்: 👏👏

தாத்தா: சொந்தக் குலப்பெயரைச் சொந்தப் பாட்டில் வைக்க முடியாத புலவன். அடப்பாவமே.

நான்: இன்னும் இருக்கு. தூதிகானுஸ்னு அவருக்கு ஒரு ஃப்ரெண்ட். நெடில் குறில் நெடில். நடுவுல ஒத்தைக் குறில் மாட்டிக்கிச்சு. இவர் இங்கிருந்து அவருக்கு எழுதின கவிதைக் கடிதத்துல சொல்றார்: உன்னை இத்தனை நாள் பாடாததுக்கு நான் காரணமில்ல, உன் பேருதான். ரெண்டா வெட்டி பாதியை ஒரு அடியோட கடைசியிலயும் மீதியை அடுத்த அடியிலயும் வைக்கலாம். நெடிலைக் குறுக்கலாம், குறிலை நீட்டலாம். எதைப் பண்ணாலும் ஊர் சிரிக்கும்

தாத்தா: வெட்டி வைப்பதற்கு நம்மிடம் பெயர் உண்டு. வகையுளி. மற்ற இரண்டும் செய்யுள் விகாரம்: குறுக்கல், நீட்டல். இந்த ஆள் என் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவன்.

அத்தை: அதெல்லாம் சரி, ரோம்காரர் அங்க எதுக்கு வந்தார்? வேலைக்கா?

நான்: எங்க வந்தார், அனுப்பிட்டாங்க அத்தை. கி.பி. 8ல, அகஸ்டஸ் ராஜா. அவருக்கு அப்ப வயசு ஐம்பது. "ஒரு பாட்டு, ஒரு தப்பு" இதுதான் காரணம்னு அவரே எழுதியிருக்கார். பாட்டு, காதல் பண்றது எப்படின்னு சொல்லிக்கொடுக்கிற பாட்டு. தப்பு என்னன்னு கடைசி வரை வாயே திறக்கல. திரும்பிப் போகவும் முடியல, இங்கயே போய்ச் சேர்ந்துட்டார்

அம்மா: பொண்டாட்டி?

நான்: ரோம்லயே விட்டுட்டு வந்தார்மா

அம்மா: 😔

நான்: பனியைப் பத்தி அவர் புலம்பாத நாளில்ல. ஒயின் உறைஞ்சு ஜாடி வடிவத்துலயே நிக்குமாம், குடிக்கறதுக்குப் பதிலா துண்டு துண்டா எடுத்துக் கொடுப்பாங்களாம். முதல் வருஷம் ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து அந்தப் புலம்பல்களை இங்கிலீஷ்ல படிச்சேன். எனக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு

அம்மா: ஏன்டி அப்பவே சொல்லல. ஸ்வெட்டர் போடுறியா இல்லையா?

நான்: அம்மா இது ஜூன்! இது பீச் ஊரு. ருமேனியாவே லீவுக்கு இங்கதான் வருது. அந்த மனுஷனுக்கு வெயில் காலமே வரலையோ என்னவோ, குளிரை மட்டும் எழுதி வச்சிட்டார்

மாலை 6:40

நான்: [படம்]

நான்: தாத்தா, சதுக்கத்துலதான் நிக்கிறேன். கையைத் தாடையில வச்சு யோசிக்கிறார் பாருங்க. 1887ல எத்தோரே ஃபெர்ராரின்னு ஒரு இத்தாலிக்காரர் செஞ்சது. இதே சிலைக்கு ஒரு பிரதி அவர் பிறந்த ஊர் சுல்மோனாவுலயும் நிக்குது

சித்தப்பா: மூக்கு அப்படி ஒண்ணும் பெருசா தெரியலயே

நான்: நானும் அதைத்தான் முதல்ல பார்த்தேன் 😄

தாத்தா: பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது? கிட்டே போ.

நான்: [படம்]

நான்: தன் கல்லறைக்குன்னு அவரே எழுதி வச்ச நாலு வரி. மென்மையான காதல்களைப் பாடி விளையாடியவன் இங்க கிடக்கிறேன், என் திறமையே என்னை அழிச்சுது, நாஸோ என்னும் கவிஞன். வழியில போறவனே, நீயும் காதலிச்சவன்னா, "நாஸோவின் எலும்புகள் மெத்துனு கிடக்கட்டும்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ

அத்தை: பாவம்டா. சொல்லிட்டு வா

நான்: சொல்லிட்டேன் அத்தை, தமிழ்ல

அண்ணன்: இரு இரு. கல்லுல நாஸோ, சதுக்கத்துக்குப் பேரு ஓவிடியு. காலேஜ் ஓவிடியஸ். அப்ப அவர் சொன்ன பேரை யாருமே வச்சுக்கலயா?

நான்: அதான் கூத்தே. அவர் கர்வத்தைச் சொல்றேன்னேன்ல? உருமாற்றங்களைப் பத்தி பதினஞ்சு காண்டத்துல ஒரு பெரிய காவியம் எழுதினார். அதோட முடிவுல, என் பேரை யாராலும் அழிக்க முடியாதுங்கிறார். கடைசிச் சொல் "வாழ்வேன்". அவர் மனசுல இருந்தது நாஸோவாத்தான் இருக்கணும், பாட்டுல வேற பேரே கிடையாதே. பிழைச்சது என்னவோ பாட்டுக்குள்ள நுழையவே முடியாத பேரு

சித்தப்பா: மூக்கன்னு எந்தத் தாயும் பிள்ளைக்கு வைக்க மாட்டா, அதான்

அம்மா: எங்க பெரியம்மா வீட்டுக்காரர்...

சித்தப்பா: அண்ணி மன்னிச்சிருங்க 🙏

நான்: உக்ரைன்ல ஒடேசா பக்கம் ஓவிடியோபோல்னு ஒரு ஊரு. ரஷ்ய ராணி கேத்தரின் காலத்துல, 1795ல, இவர் அங்கதான் இருந்தார்னு தப்பா நினைச்சு வச்ச பேரு. மனுஷன் இருந்ததோ இங்க

சித்தப்பா: அட்ரஸ் மாறிப் போன கூரியர்

நான்: சுல்மோனாக்காரங்க வேற மாதிரி. "சுல்மோ என் தாய்நாடு"ன்னு அவர் எழுதின வரியோட முதலெழுத்து நாலையும் ஊர்ச் சின்னத்துலயே போட்டுக்கிட்டாங்க. பேரே தேவைப்படல

நான்: அப்புறம் அப்பா, 2017 டிசம்பர்ல ரோம் நகர சபை தீர்மானம் போட்டு அவர் தண்டனையை ரத்து பண்ணிடுச்சு. செத்து ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு

அப்பா: என் லோன் ஃபைல் பரவாயில்ல போல.

அப்பா: சரி, நாளைக்கு திருத்தம் எழுதிக் கொடுக்கணும். தமிழ்ல ஒரு மனுவும் கேட்டாங்க. ஓவா ஒவா?

நான்: ஓ போடுங்கப்பா, எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க

தாத்தா: குறில். ஒவிதியுஸ்.

அப்பா: அப்பா, பேங்க்ல யாப்பு பார்க்க மாட்டாங்க.

தாத்தா: பிழையோடு கொடுத்துவிட்டுப் பிழையாக வந்தது என்றால் எப்படி?

அம்மா: பாப்பா, சாப்பிட்டியா?