‘பாட்டி வீடு’ குழுவில் அம்மாவின் எடை

ஞாயிறு, காலை 7:02

லலிதா: அனைவருக்கும் காலை வணக்கம் (ரோஜாப்பூ படம்)

முரளி: எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். நேற்று அம்மாவை எலும்பு டாக்டரிடம் காட்டினோம். முட்டி மாற்று ஆபரேஷன் செய்யலாம், ஆனால் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பாராம்.

கார்த்திக்: எவ்வளவு குறையணும் அத்தான்

முரளி: இப்போது 92. ஏழெட்டுக் கிலோ இறங்கினால்கூடப் போதும் என்றார்.

வித்யா: என் வீட்டு மெஷினில் 90தான்.

முரளி: உன் மெஷின் தரைவிரிப்பு மேல் இருக்கிறது அக்கா. கீழே இறக்கி வைத்துப் பார்.

வித்யா: காலையிலேயே ஆரம்பித்துவிட்டான்.

முரளி: சண்டைக்கு வரவில்லை. பதினைந்து நாள் உன் வீடு, பதினைந்து நாள் என் வீடு. உன் வீட்டில் சோறே கிடையாது. என் வீட்டில் எல்லாம் உண்டு, ஆனால் கலோரி பார்த்து. மாதத்தில் பாதி அது, பாதி இது. ஏதாவது ஒன்றை முடிவு செய்யலாம் என்றுதான் இங்கே போடுகிறேன்.

வித்யா: முடிவு செய்ய என்ன இருக்கிறது? போன முறை என்னிடம் பத்தே நாளில் 2 கிலோ குறைந்தது. உன்னிடம் வந்ததும் ஏறிவிட்டது. கணக்கு அவ்வளவுதான்.

ரம்யா: காலை மாத்திரை?

லலிதா: வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் கொழுப்பு கரையும். பலமுறை பகிரப்பட்டது. பார்க்கவும்.

சுந்தரம்: பெரியக்கா, எலுமிச்சை எதையும் கரைக்காது. நான் வேதியியல் வாத்தியார்.

சுந்தரம்: வித்யா, அவசரப்படாதே. முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் கிளைக்கோஜன் செலவாகும், கூடவே அந்தத் தண்ணீரும் போகும். அதிலேயே மெஷின் முள் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கிவிடும். மறுபடி சோறு சாப்பிட்டால் தண்ணீர் திரும்பி வரும். ஒரு கிலோ கொழுப்பு என்றால் கிட்டத்தட்ட 7700 கலோரி. முரளி வீட்டில் இரண்டு நாள் சாப்பாட்டில் அவ்வளவு கொழுப்பு ஏறவே முடியாது.

முரளி: நன்றி மாமா.

வித்யா: அப்படியானால் என் வீட்டில் குறைந்தது பொய்யா?

சுந்தரம்: பொய் என்று சொல்லவில்லை. கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பத்து நாளில் பிரித்துச் சொல்ல முடியாது என்கிறேன்.

கமலா: என்னை யாரும் கேட்கவில்லை

கார்த்திக்: அத்தை ஆன்லைனா!

கமலா: வெறும் முட்டை தொண்டையில் இறங்கவில்லை. ஒரு கைப்பிடி சோறு போட்டால் போதும்

வித்யா: அம்மா, நான் அடுத்த அறையில்தான் இருக்கிறேன். என்னிடம் சொல்லியிருக்கலாமே.

கமலா: சொன்னேன். நீ போனில் இருந்தாய்

லலிதா: (பழைய கல்யாணப் படம்) கமலாவின் கல்யாணம். அப்போது 48 கிலோ. எப்படி இருந்தாள் பாருங்கள்.

கார்த்திக்: பின்னால் மீசையோடு நிற்பது அப்பாவா??

லலிதா: கழுத்தில் இருக்கிற நெக்லஸ் என்னுடையது.

கமலா: அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்

லலிதா: கொக்கி உடைந்து வந்தது.

முரளி: பெரியம்மா, தயவுசெய்து. எடை.

சுந்தரம்: பகுதி 2. எது நல்லது என்பதற்கு வருவோம். 2018இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்த சாப்பாடு, இன்னொரு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு. வருட முடிவில் முதல் பாதி சராசரியாக 5.3 கிலோ இறங்கியிருந்தது, இரண்டாவது 6 கிலோ. அந்த வித்தியாசத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அங்கே யாரையும் கலோரி எண்ணச் சொல்லவில்லை. சர்க்கரையையும் வெள்ளை மாவையும் தள்ளு, காய்கறி நிறையச் சாப்பிடு என்று இரண்டு பக்கத்துக்கும் சொன்னார்கள். தானாகவே அளவு குறைந்துவிட்டது. ஆனால் ஒரே முறையில் ஒருவர் 25 கிலோவுக்கு மேல் இறங்கினார், இன்னொருவர் ஏறினார். யாருக்கு எது ஒத்துவரும் என்று மரபணுவை வைத்தும் சொல்ல முடியவில்லை.

கார்த்திக்: அப்பா, ஒரே வரியில்

சுந்தரம்: ஒரே வரியில் படித்துத்தான் உன் வேதியியல் பரீட்சை அப்படிப் போனது.

கார்த்திக்: குழுவில் வேண்டாம்ப்பா

வித்யா: மாமா, எண்ணாமலே குறையும் என்று நீங்களே சொல்கிறீர்கள். நானும் அதைத்தானே சொல்கிறேன்! வேலைக்குப் போய்விட்டு வந்து நான் சமைக்க வேண்டும். தராசு, ஆப் எல்லாம் எனக்கு ஆகாது. சோறு இல்லை, ரொட்டி இல்லை, சர்க்கரை இல்லை. ஒரே சட்டம், ஒரே முடிவு. அம்மாவுக்குப் பசியும் குறைவாக இருக்கிறது.

முரளி: எண்ணினால் எதையும் விட வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 1400. அதற்குள் எது வேண்டுமானாலும் சாப்பிடலாம். அம்மாவுக்குச் சோறும் உண்டு.

வித்யா: உன் வீட்டில் ரம்யா சமைக்கிறாள், நீ மேஜையில் உட்கார்ந்து எண்ணுகிறாய்.

ரம்யா: (கட்டைவிரல்)

முரளி: ரம்யா!

சுந்தரம்: எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1992இல் நியூயார்க்கில், கலோரியைக் குறைத்தும் எடை இறங்கவே இல்லை என்று சொன்ன சிலரைச் சோதித்துப் பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதில் கிட்டத்தட்டப் பாதி அவர்கள் கணக்கில் வரவே இல்லை. உடற்பயிற்சியை மட்டும் பாதிக்குப் பாதி கூட்டிச் சொன்னார்கள். வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்று இல்லை. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. வாணலியில் ஊற்றும்போது அதை யார் எழுதுகிறார்கள்?

ரம்யா: மாமா, அரிசி 100 கிராமும் சோறு 100 கிராமும் ஒன்றா?

சுந்தரம்: எப்படி ஒன்றாகும்? அரிசி 100 கிராம் என்றால் 350க்கு மேல் கலோரி. வேகும்போது தண்ணீரை இழுத்து எடை இரண்டரை, மூன்று மடங்காகிவிடும். அதனால் சோறு 100 கிராமில் 130தான்.

ரம்யா: இவர் அளப்பது அரிசி. ஆப்பில் போடுவது சோறு.

வித்யா: ஆஹா

கார்த்திக்: அத்தான்!!

வித்யா: அதாவது 130 என்று எழுதிவிட்டு அம்மாவுக்கு 350 போடுகிறான். இரண்டு வேளையும்!

முரளி: ஆப்பில் அது தெளிவாகப் போடவில்லை.

கமலா: அதனால்தான் முரளி வீட்டில் வயிறு நிறைகிறது

முரளி: சிரிக்காதே அக்கா. உன் வீட்டில் டிவி பக்கத்தில் ஒரு கிண்ணம் பாதாம் இருக்கிறதே, அது என்ன?

வித்யா: பாதாமில் கார்ப், அதான் மாவுச்சத்து, குறைவு.

முரளி: மாமா, பாதாம்?

சுந்தரம்: 100 கிராம், 580 சொச்சம். கொழுப்பு என்பது கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. பாதாம் முழுவதும் செரிப்பதில்லை, அதனால் உண்மையில் கொஞ்சம் குறைவாகத்தான் சேரும். அது நீண்ட கதை, பகுதி 3இல் சொல்கிறேன். ஆனால் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால் எந்த முறையும் காப்பாற்றாது.

வித்யா: அம்மா கிண்ணமாகச் சாப்பிடவில்லை. நான்தான் சாப்பிடுகிறேன்.

கார்த்திக்: ஓட்டெடுப்பு போடுகிறேன்.

கார்த்திக்: (ஓட்டெடுப்பு) அத்தைக்கு எது? 1. லோ கார்ப் 2. கலோரி கணக்கு 3. அத்தை இஷ்டம்

கமலா: 3 எங்கே அமுக்குவது

லலிதா: ஓட்டெடுப்பு என்றால் என்ன? நான் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டேன்.

காலை 11:16

வித்யா: அம்மாவுக்குக் கை லேசாக நடுங்குகிறது. நெற்றியெல்லாம் வியர்வை. கீட்டோ, அதாவது மாவுச்சத்தை அறவே குறைக்கும் முறை, ஆரம்பத்தில் இப்படி இருக்கும் என்று எங்கேயோ படித்தேன். யாருக்காவது தெரியுமா?

ரம்யா: அண்ணி, முதலில் சர்க்கரை பாருங்கள். இப்போதே. மெஷின் அத்தை பையின் பக்கத்து ஜிப்பில் இருக்கிறது.

முரளி: என்ன ஆச்சு

வித்யா: 62

ரம்யா: நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். அத்தை தெளிவாகப் பேசுகிறார்களா? விழுங்க முடிகிறதா?

வித்யா: பேசுகிறார். திட்டுகிறார்.

ரம்யா: நல்லது. சரியாக 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை அதே அளவு. பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸ்.

முரளி: நான் கிளம்பி வருகிறேன்.

காலை 11:38

வித்யா: 97. நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு கிண்ணம் சோறும் பருப்பும் கொடுத்தேன். சாப்பிடுகிறார்.

ரம்யா: இதைத்தான் காலையில் கேட்டேன். மாத்திரை.

வித்யா: எப்போது கேட்டாய்?

ரம்யா: 7 மணிக்கு. எலுமிச்சைக்கு மேலே இருக்கிறது.

சுந்தரம்: ரம்யா சொல்வதுதான் முக்கியம். சின்னக்கா காலையில் போடுவது கிளிமிபிரைடு. அது கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. வயிற்றில் சோறு போனதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. மாவுச்சத்தை நிறுத்திவிட்டு அதே அளவு மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் என்றால் இந்த ஆபத்து மிகக் குறைவு. பெயர் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரைகள் இருக்கின்றன. அதைப் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீட்டோவில் இறங்கவே கூடாது. சர்க்கரை ரொம்ப ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம்.

முரளி: ஆக, லோ கார்ப் வேண்டாம் என்று முடிவு?

சுந்தரம்: நான் அப்படிச் சொன்னேனா? கலோரியை நிறையக் குறைத்தாலும் இதே கதைதான். பிரிட்டனில் ஒரு ஆய்வு, 2017இல் வெளியானது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 850 கலோரிக்குப் பக்கத்தில் வெறும் திரவ உணவு, மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருடத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. ஆனால் முதல் நாளே டாக்டர்கள் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவே இல்லை. எந்த முறையானாலும் மாத்திரை அளவை முதலில் டாக்டர் மாற்ற வேண்டும். லோ கார்ப் சர்க்கரை நோய்க்கு நல்லதாகவும் இருக்கலாம், அதனால்தான் மாத்திரை அதிகமாகிவிடுகிறது.

கார்த்திக்: அப்பா இந்த ஒரு தடவை பெரிதாக எழுதியது சரி

வித்யா: எலும்பு டாக்டர் இதை ஏன் சொல்லவில்லை?

முரளி: நீ சோற்றை நிறுத்தியதை அவரிடம் யார் சொன்னார்கள்?

வித்யா: நீதானே உள்ளே போனாய். நான் வெளியே டோக்கனோடு நின்றேன்.

முரளி: நீ நிறுத்தியது எனக்கே வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

ரம்யா: அதை விடுங்கள். நாளைக் காலை சர்க்கரை டாக்டருக்குப் போன் செய்கிறேன். அதுவரை இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி. அந்த நீலக் கிண்ணத்தில் ஒரு கிண்ணம் சோறு, மூன்று வேளையும். தட்டில் பாதி காய். முட்டையோ மீனோ பருப்போ ஒன்று. ஆப் வேண்டாம், கீட்டோ வேண்டாம்.

வித்யா: நீலக் கிண்ணம் என்னிடம் இல்லையே.

ரம்யா: முரளி எடுத்து வருகிறார்.

முரளி: நான் பாதி தூரம் வந்துவிட்டேன்.

வித்யா: மூன்று வேளையும் சோறு என்றால் எடை எப்படி இறங்கும்? இரண்டு வேளை போதாதா?

சுந்தரம்: டாக்டர் சொல்லும்வரை வேளை தவறக் கூடாது வித்யா.

வித்யா: டாக்டர் சரி என்றால் நான் லோ கார்ப்தான். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முரளி: அதை அப்போது பார்ப்போம்.

கமலா: இப்போது நன்றாக இருக்கிறேன். முரளியைத் திரும்பிப் போகச் சொல்லுங்கள்

கமலா: வருகிறான் என்றால் கிண்ணத்தில் பெரியதாகப் பார்த்து வாங்கி வரட்டும்

ரம்யா: அத்தை!

வித்யா: டாக்டரிடம் யார் கூட்டிப் போவது? எனக்கு வியாழன்வரை லீவு கிடையாது.

முரளி: எனக்குச் செவ்வாய் முடியாது.

கார்த்திக்: புதன் என்றால் நான் வண்டி எடுத்து வரட்டுமா

முரளி: புதன் பார்க்கலாம். ரம்யா போன் செய்யட்டும் முதலில்.

கார்த்திக்: ஓட்டெடுப்பில் லோ கார்ப் 2, கலோரி 2, அத்தை இஷ்டம் 5. பெரியத்தை மூன்றிலும் இருக்கிறார்.

மதியம் 2:50

லலிதா: தூங்கி எழுந்து இப்போதுதான் பார்க்கிறேன். கமலா 62க்கு வந்துவிட்டாளா? காலையில் 92 என்றானே முரளி. எந்த முறை என்று எனக்கும் அனுப்புங்கள்.