லியோன் பழைய நகரில் கதவு திறக்க மாட்டேன் என்கிறது, ஆப்பும் குழப்புகிறது. வழி சொல்லுங்கள்

கால்வலிப் பயணி:
அம்மாவும் நானும் நேற்று பிரான்ஸின் லியோன் நகரத்துக்கு வந்தோம். கைடு வேண்டாம், நாமே நடந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனில் ஒரு நடைப்பயண ஆப் போட்டிருக்கிறேன். அந்தந்த இடத்துக்குப் போனதும் அது தானாகவே பேச வேண்டும். கதீட்ரல் வாசலில் ஒழுங்காகத்தான் பேசியது. ரூ சேன்-ஜான் தெருவுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தது தொல்லை. நீலப் புள்ளி ஒரு நிமிடம் எங்கள் தெருவில், அடுத்த நிமிடம் பக்கத்துத் தெருவில், ஒரு தடவை சோன் ஆற்றுக்கு நடுவிலேயே நின்றது.

அடுத்தது கதவு. 54-ஆம் எண் வீட்டுக்குள் புகுந்தால் அந்தப்பக்கத் தெருவுக்குப் போகலாம், ஊரிலேயே பேர்போன திராபூல் (வீடுகளுக்குள் புகுந்து போகும் நடைவழி) அதுதான் என்று ஆப் சொல்கிறது. தள்ளினேன், இழுத்தேன், அசையவே இல்லை. பத்து நிமிடம் கதவு முன்னால் திருடன் மாதிரி நின்றதுதான் மிச்சம். நாளைக்கு க்ருவா ரூஸ் மேடும் ஃபூர்வியேர் குன்றும் ஏறச் சொல்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. என்ன செய்யலாம்?

வரைபடப் பித்தன்:
புள்ளி குதிப்பதற்கு உங்கள் போனைத் திட்டாதீர்கள். இரண்டு பக்கமும் நாலைந்து மாடிச் சுவர், நடுவில் சின்னத் தெரு. சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, நீங்கள் இருக்கும் இடத்தைப் போன் தப்பாகக் கணக்குப் போடுகிறது. முற்றத்துக்குள் போனால் இன்னும் மோசம். தானாகப் பேசும் வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்தையும் கையால் தட்டிக் கேளுங்கள். புள்ளியைப் பார்க்காமல் வாசலில் இருக்கும் வீட்டு எண்ணைப் பாருங்கள், அது குதிக்காது.

ஊர்சுற்றி 77:
கதவுக்கு ஒரே வழிதான். யாராவது வீட்டுக்காரர் திறக்கும்போது பின்னாலேயே நுழைந்துவிடுங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன்.

வில்லர்பான்வாசி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இங்கே நூற்றுக்கணக்கான திராபூல்கள் இருந்தாலும் பொதுமக்கள் போகக்கூடியவை கொஞ்சம்தான். திறந்துவைக்க ஒப்புக்கொண்ட கட்டிடங்களோடு நகராட்சி ஒப்பந்தம் போட்டு, பராமரிப்புச் செலவில் ஒரு பங்கு தருகிறது. மற்றதெல்லாம் அடுத்தவர் வீட்டு நடை. மாடியில் பிள்ளைகள் தூங்கும், பால்கனியில் துணி காயும், நாம் கீழே நின்று சத்தம் போட்டு செல்ஃபி எடுத்தால் எப்படி இருக்கும்?

தம்பி, நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்?

கால்வலிப் பயணி:
ஏழரை இருக்கும் அக்கா, மாலையில். நல்ல வெளிச்சம் இருந்ததே.

வில்லர்பான்வாசி:
அதுதான் விஷயம். ஜூன் மாதம் இங்கே ஒன்பது மணி தாண்டித்தான் இருட்டும், ஆனால் திறந்திருக்கும் திராபூல்களும் பெரும்பாலும் மாலை ஏழோடு பூட்டிவிடும். காலையில் போங்கள். காலிங் பெல் பலகையில் பெயர் எழுதாத ஒரு பித்தான் இருக்கும். அதை அழுத்தியதும் பூட்டு 'க்ளிக்' என்று விடும், உடனே தள்ள வேண்டும், தாமதித்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். உள்ளே நடை இருட்டாக இருக்கும். சுவரில் விளக்கு சுவிட்ச் தேடுங்கள், அது கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும், பயப்பட வேண்டாம்.

54-இல் நுழைந்தால் நாலு முற்றம் தாண்டி ரூ து பெஃப் 27-இல் வெளியே வருவீர்கள். பழைய நகரத்துத் தெருக்கள் ஆற்றுக்கு இணையாகவே ஓடுகின்றன, குறுக்குத் தெரு குறைவு. அதனால்தான் வீடுகளுக்கு நடுவிலேயே வழி விட்டிருக்கிறார்கள். வெளியே வந்ததும் அதே தெருவில் 16-ஆம் எண்ணில் ரோஜா நிறக் கோபுரம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். ஒரு காலத்தில் இந்தப் பகுதியை இடித்துத் தள்ளுவதாகவே இருந்தார்கள். 1964-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்ததால் தப்பியது.

அம்மாவை ஏறவே விடாதீர்கள். ஃபூர்வியேருக்கு 'வியூ லியோன்' மெட்ரோ நிலையத்திலிருந்தே கேபிள் ரயில், சாதாரண மெட்ரோ டிக்கெட்டே போதும். மேலே பசிலிக்காவும் ரோமானிய அரங்கமும் பார்த்துவிட்டு அதிலேயே இறங்கிவிடலாம். க்ருவா ரூஸுக்கு மெட்ரோ சி. மேட்டின் உச்சிவரை அதுவே ஏற்றிவிடும், அப்புறம் இறங்கிக்கொண்டே பாருங்கள். உங்கள் ஆப் போட்ட வழி தலைகீழ்.

வரைபடப் பித்தன்:
க்ருவா ரூஸில் வீடுகளின் உயரத்தைக் கவனியுங்கள். பட்டு நெசவாளிகளுக்காகக் கட்டியவை. பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறி நிற்க உயரம் வேண்டும் என்று ஒவ்வொரு தளமும் கிட்டத்தட்ட நாலு மீட்டர். பிளாஸ் கோல்பேர் 9-இல் நுழைந்தால் வொராஸ் முற்றம், ஆறு மாடிக்குக் கல்படிக்கட்டு முகப்பாகவே நிற்கும். 1831-இலும் 1834-இலும் கிளர்ந்தெழுந்த நெசவாளிகளின் மேடு இது.

கால்வலிப் பயணி (மறுநாள் இரவு):
நடந்தது! காலை ஒன்பதரைக்கு 54. பித்தான், க்ளிக், தள்ளினேன், திறந்தது. இரண்டாவது நடையில் விளக்கு அணைந்தபோது அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தபால் பெட்டி வரிசை, சாய்த்து வைத்த ஒரு சைக்கிள், எங்கிருந்தோ வெங்காயம் வதக்கும் வாசனை. எதிரே காய்கறிப் பையோடு வந்த பாட்டி 'போன்ஜூர்' என்றாள், அம்மா பதிலுக்குக் கும்பிட்டாள், இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

க்ருவா ரூஸிலும் மேலிருந்தே இறங்கினோம். வொராஸ் படிக்கட்டின் கீழ்ப்படியில் அம்மா உட்கார்ந்து, 'பாவு தூக்கிக்கொண்டு இதில் ஏறி இறங்கியிருப்பார்களே, முழங்கால் என்னவாகும்' என்றாள். எங்கள் தாத்தா தறிக்காரர், அதனால் வந்த கேள்வி. அப்புறம் ரூ இம்பேர்-கொலோமேஸ் 29-இல் வெளியே வந்தோம். அங்கே ஆப் மறுபடி மேலே ஏறச் சொன்னது, அணைத்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை. அதே தெருவில் 20-ஆம் எண் வழியாக இறங்கலாம் என்று படித்தேன், பித்தான் அழுத்தியும் திறக்கவில்லை.

வில்லர்பான்வாசி:
ஏதாவது வேலை நடந்தால் பூட்டி வைப்பார்கள் தம்பி. அடுத்த கதவுக்குப் போய்விடுங்கள். நாளைக்குப் பிளாஸ் து குவெர்ன்மான் 2-இல் நுழைந்து ஆற்றங்கரைப் பக்கம் வாருங்கள். வெளியே வந்ததும் சோன் ஆறு எதிரிலேயே. அம்மாவுக்கு உட்கார இடமும் கிடைக்கும்.