பள்ளி இருக்கும் ஊரிலேயே குடியிருக்கச் சொல்கிறார்கள், விலக்கு வாங்குவது எப்படி?

ஒரு தனியார் பள்ளியில் 9 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். வீட்டிலிருந்து 46 கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்குள் எல்லா ஆசிரியர்களும் பள்ளி இருக்கும் ஊருக்கே குடிவந்துவிட வேண்டும் என்று போன மாதம் நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியது. இன்னும் 11 வாரம்தான் இருக்கிறது.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பாதியில் நின்ற பின்னக் கணக்கோடு நோட்டைத் திறந்தபடியே பஸ் நிறுத்தத்துக்கு ஓடி வந்தாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாக "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. இன்னும் மனசை உறுத்துகிறது.

ஆனால் என் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அந்த வசதி பள்ளி இருக்கும் ஊரில் கிடையாது. கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை.

எழுத்தில் விலக்கு கேட்டேன். "எல்லோருக்கும் ஒரே விதி" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். சரி, வாரம் இரண்டு நாள் அங்கேயே தங்கி மாலை வகுப்பு எடுக்கிறேன் என்றேன், பதிலே வரவில்லை. என் நியமன ஆணையில் குடியிருப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன் நகலையும் கொடுத்துவிட்டேன்.

வேலையில் சேர்ந்த பிறகு வந்த இப்படிப்பட்ட விதிக்கு, குடும்பத்தில் ஒருவரின் சிகிச்சையைக் காட்டி எழுத்துப்பூர்வமாக விலக்கு வாங்கியவர்கள் இங்கே இருந்தால், மனுவோடு என்னென்ன ஆவணங்களை இணைத்தீர்கள்?