பாட்டி செயின் 22 கேரட்டா 18ஆ? தண்ணில போட்டு பாத்தேன், கணக்கு இடிக்குது

கொலுசுச்சத்தம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பாட்டியோட ரெண்டு பவுன் செயின் ஒண்ணு இருக்கு, அவங்க கல்யாணத்துக்கு ஆசாரி வீட்டுக்கே வந்து அளவு எடுத்து செஞ்சு குடுத்ததாம், அதனால ஹால்மார்க் முத்திரை எல்லாம் கிடையாது. மாத்தி புதுசு எடுக்கலாம்னு கடைக்கு கொண்டு போனா உரசிப் பாத்துட்டு, இது பழசு, உருக்குனாத்தான் சொல்ல முடியும்னுட்டாங்க. உருக்குனப்புறம் வேணாம்னு சொல்ல முடியாதே, அதான் வீட்லயே பாப்போம்னு பையனோட ஸ்கூல் கிட்ல இருந்த 100 மில்லி அளவு ஜாடில 50 வரைக்கும் தண்ணி ஊத்தி செயின போட்டேன். 51 கோட்டுக்கு வந்து நின்னுச்சு. செயின் எடை 16.04 கிராம். ஆக 1 மில்லிக்கு 16 கிராம், அடர்த்தி 16. நெட்ல தேடுனா 22 கேரட்டுக்கு 17.8 கிட்ட வரணும், 15லருந்து 16 வந்தா 18 கேரட்னு போட்டிருக்கு. பாட்டிய ஏமாத்திட்டாங்களா? இத அவங்ககிட்ட சொல்லவே பயமா இருக்கு.

லேப்மாமா:
பாட்டிகிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. ஆசாரி மேல தப்போ இல்லையோ, ஜாடி மேல கண்டிப்பா தப்பு இருக்கு. நான் காலேஜ் பிசிக்ஸ் லேப்ல இருந்தவன், வருஷா வருஷம் பசங்க இதே தப்பத்தான் செய்வாங்க.

உங்க ஜாடில ஒரு கோடுன்னா 1 மில்லி. செயின் சுத்தமான 22 கேரட்டா இருந்தா அதோட கனஅளவு 0.90 மில்லி, 18 கேரட்டா இருந்தா சுமாரா 1.04. ரெண்டுக்கும் நடுவுல 0.14 மில்லிதான், மூணு சொட்டு தண்ணி! அந்த மூணு சொட்ட ஒரு கோடு ஒரு மில்லின்னு இருக்கிற ஜாடில கண்ணால பிரிச்சுப் பாக்க யாராலயும் முடியாது. நீங்க அரைக்கோடு கூட்டிப் படிச்சிருந்தா அடர்த்தி 10.7 வந்திருக்கும், பாட்டி போட்டிருந்தது வெள்ளி செயின்னு ஆகியிருக்கும். அரைக்கோடு குறைச்சுப் படிச்சிருந்தா 32, உலகத்துலயே அவ்ளோ கனமான உலோகம் கிடையாது, ஆஸ்மியமே 22.6 தான்.

தண்ணி எவ்ளோ ஏறுதுன்னு பாக்காதீங்க, எவ்ளோ எடை கூடுதுன்னு பாருங்க. 0.01 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன தராசு ஆன்லைன்ல கிடைக்குது. (செயின் எடைய பைசா சுத்தமா 16.04னு சொல்றீங்க, அப்போ அது கையில இருக்குன்னே நினைக்கிறேன்.) ஒரு பிளாஸ்டிக் டம்ளர்ல தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு டேர் பட்டன அழுத்தி பூஜ்யம் ஆக்குங்க. செயின மெல்லிசான நைலான் நூல்ல கட்டி கையில தொங்க விட்டு தண்ணிக்குள்ள முழுசா முக்குங்க, அடியிலயும் படக்கூடாது பக்கத்துலயும் படக்கூடாது. இப்ப தராசு என்ன காட்டுதோ அது செயின் ஒதுக்குன தண்ணியோட எடை, கிராம்ல எவ்ளோவோ கிட்டத்தட்ட அவ்ளோ மில்லி. கை நடுங்கும், அதனால ரெண்டு புத்தக அடுக்குக்கு மேல ஒரு ஸ்கேல வச்சு அதுல நூல கட்டிடுங்க.

ஆர்க்கிமிடீஸ் கிரீடத்த தண்ணில போட்டு வழிஞ்சத வச்சு கண்டுபிடிச்சார்னு படிச்சிருப்போம்ல, அந்த முறைல இவ்ளோ நுணுக்கமா கண்டுபிடிச்சிருக்க முடியாது, தராசுல தொங்க விட்டுத்தான் தண்ணில முக்கி எடை பாத்திருப்பார்னு 1586லயே கலிலியோ எழுதி வச்சிட்டாரு, அப்ப அவருக்கு வயசு 22.

சொசைட்டிக்காரன்:
மாமா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன், அடர்த்தி சரியா வந்துட்டா மட்டும் சரக்கு சுத்தம்னு ஆயிடாது. நான் பால் சொசைட்டில இருந்தவன். லாக்டோமீட்டர்ங்கிறதும் அடர்த்தி பாக்குற கருவிதான், தண்ணி கலந்தா கீழ இறங்கிக் காட்டிக் குடுத்துடும். ஆனா கொழுப்பு தண்ணிய விட லேசு, பால்ல இருந்து ஆடைய எடுத்தா அடர்த்தி ஏறும், அப்புறம் தண்ணி விட்டா இறங்கும், ரெண்டையும் அளவா செஞ்சா ரீடிங் பழைய இடத்துக்கே வந்து நிக்கும். அதனாலதான் கொழுப்ப தனியா டெஸ்ட் பண்றோம். தங்கத்துலயும் இப்படி ஏதாவது இருக்கா?

லேப்மாமா:
இருக்கு தம்பி. டங்ஸ்டன் 19.25, சுத்தத் தங்கம் 19.3. உள்ள டங்ஸ்டன் வச்சு மேல தங்கத்த மூடுன கட்டிய இந்த முறைல பிடிக்கவே முடியாது. ஆனா அது உருக 3400 டிகிரிக்கு மேல வேணும், லேசுல வளையவும் வளையாது, அத கம்பியா இழுத்து செயின் பின்ன எந்த ஆசாரியும் மெனக்கெட மாட்டார்.

கொலுசுச்சத்தம்:
மாமா நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், தராசு பக்கத்து வீட்டு அக்காவோடது. 1.02 காட்டுது! வகுத்தா 15.7. போச்சு, 18 கேரட்டேதான். நேத்து ராத்திரி பூரா தூக்கமில்ல.

பட்டறைப்பையன்:
அக்கா பொறுங்க. எங்கப்பா நகைப்பட்டறை வச்சிருந்தாரு, அதனால சொல்றேன், செயின காஞ்சபடியே போட்டீங்களா? கண்ணி கண்ணியா இருக்கிற நகை, ஒவ்வொரு கண்ணி சந்துலயும் காத்து உக்காந்திருக்கும், அதுவும் சேந்து தண்ணிய ஒதுக்கும், போதாக்குறைக்கு அத்தன வருஷத்து அழுக்கும் எண்ணெயும் வேற. பாத்திரம் கழுவுற சோப்புத்தண்ணில ஊற வச்சு பழைய பிரஷ்ல தேச்சு நல்லா அலசுங்க. தண்ணிய காய்ச்சி ஆற வச்சு எடுத்துக்குங்க, பச்சத்தண்ணின்னா கொஞ்ச நேரத்துல அதுலருந்தே குட்டிக் குமிழி வந்து ஒட்டிக்கும். ஒரு சொட்டு சோப்பும் விடுங்க. முக்குனப்புறம் நூல லேசா சுண்டி விடுங்க, குமிழி மேல வர்றது கண்ணுக்கே தெரியும்.

கொலுசுச்சத்தம்:
தம்பி நீ நல்லா இருப்ப. அழுக்கு வந்துச்சு பாரு, தண்ணியே கறுத்துப் போச்சு. கழுவி எடை போட்டா அதே 16.04 (எடை குறையும்னு பயந்தேன்). மொதல்ல 0.94, சுண்டி விட்டப்புறம் 0.92, மறுபடி எடுத்துப் போட்டா 0.91, இன்னொரு தடவ 0.92. இதுக்கு மேல குறைய மாட்டேங்குது. 17.4 வருது. ஆனா 17.8 வரலையே?

லேப்மாமா:
ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. தண்ணி 30 டிகிரில இருந்தா மில்லிக்கு 0.996 கிராம்தான், அதையும் பெருக்கிட்டா 17.4ங்கிறது 17.36 ஆகும். தராசோட கடைசி இலக்கம் ஒண்ணு அப்படி இப்படி ஆகலாம், அதனால 17.2லருந்து 17.5க்குள்ளன்னு வச்சுக்குங்க. 22 கேரட்டுக்கும் 17.8ங்கிறது கல்வெட்டு இல்ல, கலந்தது முழுக்க செம்புன்னா 17.6, முழுக்க வெள்ளின்னா 18. செம்பு எவ்ளோ வெள்ளி எவ்ளோன்னு தெரியாம கேரட்ட புள்ளி வச்சு சொல்ல முடியாது, ஆனா எப்படி கலந்திருந்தாலும் 18 கேரட் 16ஐ தாண்டாது. உங்களோடது சுமாரா 21லருந்து 22க்குள்ள.

பட்டறைப்பையன்:
21 சொச்சம்தான் சரின்னு எனக்கும் படுது அக்கா. கண்ணி ஒவ்வொண்ணையும் பொடி (ஒட்ட வைக்கிற உலோகக் கலவை) வச்சு ஊதித்தான் பத்த வைப்பாங்க, பொடி நகைய விட சீக்கிரம் உருகணும், அதனால அதுல தங்கம் கம்மி, செம்பும் வெள்ளியும் ஜாஸ்தி. அந்தக் காலத்து செயின்ல அத்தன கண்ணிக்கும் சேத்து பாத்தா மாத்து (தங்கத்தோட சுத்தம்) கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அத ஏமாத்துன்னு சொல்ல முடியாது. இந்தப் பொடி தொல்லைக்காகத்தான் அப்புறம் காட்மியம் வச்சு பத்த வைக்கிற கேடிஎம் வந்துச்சு, அந்தப் புகை உடம்புக்கு ஆகாதுன்னு அதையும் விட்டாச்சு. இன்னொண்ணு, உரைகல்லும் கேரட் பாக்குற மெஷினும் மேல்தோல மட்டும்தான் பாக்கும், நீங்க செஞ்சது உள்ளயும் சேத்து பாத்த கணக்கு. கடையில 18க்கு விலை போட்டா எந்திரிச்சு வந்துடுங்க.

மோர்மிளகா:
குறுக்க வர்றேன், என் கல் வச்ச மோதிரத்தையும் இப்படி பாக்கலாமா?

பட்டறைப்பையன்:
ஆகாதுங்க. கல்லோட அடர்த்தி தங்கத்த விட ரொம்பக் கம்மி, அது கணக்க மொத்தமா கீழ இழுத்துடும். உள்ள அரக்கு அடைச்ச வளையல், குழலா இருக்கிற கம்மல், எல்லாத்துக்கும் இதேதான்.

கொலுசுச்சத்தம்:
பாட்டிகிட்ட சொல்லிட்டேன். செயின எதுக்குடி டம்ளர்ல தொங்க விட்டேன்னு திட்டிட்டு, பளபளன்னு இருக்கிறத பாத்து மாத்த வேணாம்னு சொல்லி கழுத்துல போட்டுக்கிட்டாங்க.