தொண்டையில உருண்டை மாதிரி நிக்குது, ஸ்கோப்ல ஒண்ணும் இல்லைங்கறாங்க. பாடி தெரபி போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வேலந்தாவளம்_அம்மிணி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வயசு 36, ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மாமனாருக்கு ராத்திரி மூச்சுத்திணறல் வந்து கோயமுத்தூருக்கு ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போனோம், நான்தான் ஆக்ஸிஜன் மாஸ்க்க அழுத்திப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன், வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டறதுக்குள்ள போயிட்டாரு. அது தெரியாம கோயமுத்தூர் வரைக்கும் மாஸ்க்க எடுக்காம புடிச்சுட்டே வந்திருக்கேன். அப்ப அழுகைகூட வரல, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஓடியாடி வேலைதான்.

அதுக்கப்புறம் ஒரு மூணு மாசம் கழிச்சு தொண்டையில நெல்லிக்காய் சைஸ்ல என்னமோ நிக்கற மாதிரி. சோறு தண்ணி எல்லாம் எறங்குது, சும்மா எச்சில் முழுங்கினாதான் தெரியுது. காலைல எந்திரிச்சா வலது உள்ளங்கையில நகம் பதிஞ்ச தடம் நாலு இருக்கும், தூக்கத்துல கைய இறுக்கிக்கறேன் போல. ஈ.என்.டி. ஸ்கோப், தைராய்டு, ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல், கேஸ் மாத்திரை ஆறு மாசம் தின்னாச்சு. மாமியார் மந்திரிச்சு கயிறும் கட்டியாச்சு. இப்ப மனநல டாக்டர் ஒருத்தர் தனியா உக்காந்து பண்ற பாடி ஓரியன்டட் சைக்கோதெரபி, அதாவது ஒடம்பு வழியா மனசப் பாக்கற தெரபி, பாருங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அங்க என்னதான் பண்ணுவாங்க? தொடுவாங்களா, துணி மாத்தணுமா, யூட்யூப்ல காட்டற மாதிரி கத்தச் சொல்லுவாங்களா? வீட்டுக்காரர் மசாஜுக்கா போறேங்கறாரு.

கோபாலபுரம்_லோடு:
அம்மிணி, நான் போனேன், எட்டு மாசம். மசாஜ் எல்லாம் கிடையாது. போட்ட சட்டையோட போயி சேர்ல உக்காரணும், அவ்வளவுதான்.

நமக்கு லாரி. வாளையார் பக்கம் முன்னாடி போன வண்டி டயர் வெடிச்சு குறுக்க திரும்பி, நான் பிரேக் மேல ஏறி நின்ன கதை. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அதுக்கப்புறம் வீட்டுல டிவி பாத்துட்டு இருந்தாலும் வலது கால் தரைய மிதிச்சுட்டே இருக்கும், தொடை கல்லு மாதிரி. தெரபிஸ்ட் அம்மா முழுக் கதையும் கேக்கவே இல்ல. பிரேக் மிதிக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி மட்டும் நெனைங்க, கால்ல என்ன நடக்குதுன்னு பாருங்கன்னாங்க. நான் விபத்து நடந்த நேரம், லோடு, வேகம்னு ஒப்பிச்சேன், அவங்க அதெல்லாம் விட்டுட்டு பாதத்தையே கேக்கறாங்க. அப்புறம் செவத்துல ஒரு தலகாணி வெச்சு, கால வெச்சு மெதுவா தள்ளுங்க, அன்னைக்கு ஒரே நொடியில செஞ்சத இன்னைக்கு ஒரு நிமிசம் எடுத்துச் செய்யுங்கன்னாங்க. தள்ளத் தள்ள தொடை நடுங்க ஆரம்பிச்சிருச்சு பாருங்க, பழைய டீசல் எஞ்சின் ஐடிலிங்ல நிக்கற மாதிரி, எனக்கு ஒரே வெக்கம். நிறுத்தாதீங்க, அதுபாட்டுக்கு ஆடட்டும்னு சொல்லிட்டு நடுவுல ஜன்னலுக்கு வெளிய தென்னமரத்தப் பாக்கச் சொல்லி, மூச்சு சமனானதும் திரும்பக் காலுக்கு. அப்படியே போயிட்டு வந்து, போயிட்டு வந்து. எட்டு மாசத்துல தொட்டது ஒரே ஒரு தடவ, முதுகுல கை வெக்கலாமான்னு கேட்டுட்டு. மொத நாளு வேண்டாம்னேன், செரின்னு விட்டுட்டாங்க.

முழுசா போயிருச்சான்னா இல்ல. மழையில வாளையார் தாண்டறப்ப இப்பவும் இழுக்கும். ஆனா டிவி பாக்கறப்ப கால் சும்மா கெடக்குது.

பாலக்காட்டுக்_காத்து:
நான் இந்தத் துறைதான், கிளினிக்கல் சைக்காலஜி. கேள்வியில ரெண்டு விசயம் சேந்திருக்கு, அதப் பிரிச்சுக்கணும்.

நீங்க யூட்யூப்ல பாத்த கத்தறது, மெத்தைய உதைக்கறது எல்லாம் இந்த தெரபியோட பழைய கிளை. மனப்பகுப்பாய்வ ஆரம்பிச்ச ஃப்ராய்டுகிட்ட இருந்த வில்ஹெல்ம் ரைக்ங்கற டாக்டர் 1930கள்ல, அடக்கி வெச்ச உணர்ச்சி தசையில கவசம் மாதிரி இறுகி நிக்குதுன்னு சொன்னாரு, கண்ணுலருந்து இடுப்பு வரைக்கும் ஏழு வளையமாப் பிரிச்சாரு, தொண்டை அதுல மூணாவது. அவர் மாணவர் அலெக்ஸாண்டர் லோவன், ஜான் பியராக்கோஸ் கூட சேந்து 1956ல நியூயார்க்ல பயோஎனர்ஜெடிக்ஸ்ங்கற முறைய ஆரம்பிச்சாரு, வேகமான பயிற்சி எல்லாம் அந்த வழி. இப்ப பல பேர் பண்றது பீட்டர் லெவின், பாட் ஆக்டன்னு பின்னால வந்த ரெண்டு தெரபிஸ்டுங்க வழி, லாரி அண்ணன் சொன்ன மாதிரி சின்னச் சின்னதா, நின்னு நின்னு. ரைக் கடைசிக் காலத்துல ஆர்கோன்னு ஒரு சக்தியப் பெட்டியில புடிக்கறேன்னு கெளம்பி, அந்தப் பெட்டிய அனுப்பக்கூடாதுங்கற கோர்ட் தடைய மீறினதுக்காக 1957ல சிறையிலயே இறந்தாரு. தொடக்கமே இப்படி இருக்கறதால இந்தத் துறையில யாரு என்ன சொன்னாலும் ஒரு கண்ணு தொறந்தே வெச்சுக்கறது நல்லது, என்னையும் சேத்துத்தான்.

ஆதாரம் இருக்கான்னா, கொஞ்சம் இருக்கு. லெவின் முறைக்கு இஸ்ரேல்ல 63 பேர வெச்சுப் பண்ணின ஆய்வு 2017ல வந்துச்சு, விபத்து மாதிரி அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனக்கோளாறு (பி.டி.எஸ்.டி.) கொறஞ்சிருந்துச்சு. ஆனா இ.எம்.டி.ஆர். (கண்ண அசைச்சுட்டே நினைவப் பாக்கற தெரபி), சி.பி.டி. (நெனைப்பையும் பழக்கத்தையும் மாத்தற தெரபி) இதுக்கெல்லாம் இருக்கற அளவு ஆதாரம் இதுக்கு இல்ல. தொண்டை உருண்டைய டாக்டர்ங்க குளோபஸ்ங்கறாங்க, நெஞ்செரிச்சலும் ஒரு காரணமா இருக்கலாம், அதனால ஈ.என்.டி.ய விட்டுறாதீங்க. வலிப்பு, இதய நோய், கர்ப்பம் இருந்தா முதல்லயே சொல்லிருங்க, வேகமா மூச்சு விடற பயிற்சி ஒத்துக்காது. ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு நம்பர் கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. வார இறுதி கோர்ஸ் சர்டிபிகேட் மட்டும் வெச்சிருந்தா வேற ஆள் பாருங்க. ராத்திரி ரொம்ப முடியலன்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி போன், இலவசம், தமிழ்லயும் பேசுவாங்க.

சோகநாசினி_கரை:
அக்கா நான் கெட்டதும் சொல்லிர்றேன். நான் போனது குரூப் ஹீலிங்னு ரெண்டு நாள் கேம்ப், எடம் வேண்டாம். கண்ண மூடச் சொல்லிட்டு ஒருத்தர் கேக்காம நெஞ்சு மேல கைய வெச்சு அழுத்தி "விட்டுரு, விட்டுரு"ங்கறாரு. எனக்கு ஒடம்பு மரத்துப் போச்சு, சத்தமே வரல, அவரு அத ரிலீஸ்னு எல்லாருக்கும் கைதட்டச் சொன்னாரு. ஒரு வாரம் தூக்கம் இல்ல. மரத்துப்போறத அமைதின்னு நெனைக்கற ஆள்கிட்ட போகாதீங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, பாஷை. அப்புறம் பாலக்காட்டுல தனியா ஒரு மேடத்துகிட்ட போனேன், தங்கமானவங்க, ஆனா மலையாளம். "எந்தா தோணுன்னது"ம்பாங்க. அவங்க ஒடம்புல என்ன தெரியுதுன்னு கேக்கறாங்க, நம்ம காதுல என்ன தோணுதுன்னு விழுது, நானும் யோசிச்சு யோசிச்சு மூளையிலருந்தே பதில் சொல்லிட்டு இருந்தேன். நாலாவது வாரம் தான் ரெண்டு பேருக்கும் வெளங்குச்சு. அப்புறம் தமிழ்லயே சொல்லுங்க எனக்குப் புரியும்னாங்க. வயித்தக் கலக்குது, நெஞ்ச அடைக்குது, கை கால் வெலவெலன்னு வருதுன்னு நம்ம வாய்ல தானா வர்றதெல்லாம் அவங்களுக்கு அப்படியே வேலைக்கு ஆச்சு.

வேலந்தாவளம்_அம்மிணி:
மூணு பேருக்கும் நன்றிங்க. நேத்து போயிட்டு வந்தேன், நம்பர் கேட்டேன், சிரிச்சுட்டே காட்டினாங்க. எந்தச் சேர் வேணும்னு கேட்டாங்க, கதவுப் பக்கம் உக்காந்தேன். தொண்டையப் பத்தி பேசவே இல்ல. அந்தக் கை இப்ப எப்படி இருக்குன்னாங்க, பாத்தா மடியில இறுக்கி மூடியிருக்குது, நான் மூடினதே எனக்குத் தெரியல. தொறக்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்க, அது என்னத்தப் புடிச்சிருக்குன்னாங்க. மாஸ்க்குன்னேன். அதுக்கு மேல பேச முடியல. அவங்களும் ஒண்ணும் கேக்கல, தண்ணி குடுத்தாங்க.

பஸ்ல வர்றப்ப வேலந்தாவளத்துல ஜன்னல் பக்கமே உக்காந்து வந்தேன். உருண்டை அப்படியேதான் இருக்கு. அடுத்த புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க, வீட்டுக்காரரும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுவந்து விடறேன்னுட்டாரு.