டிஸ்க் 1,700 ஜிபி ஆயிடுச்சு, சர்வர் மட்டும் இன்னும் இடமில்லைங்குது. உதவி வேணும்!

தேக்காவாசி | ஞாயிறு, பிற்பகல் 3:10

வணக்கம். சிராங்கூன் ரோட்டுல ஒரு சின்னக் கடைக்கு நான்தான் ஐடி டிபார்ட்மென்ட், மொத்தமே ஒரு ஆள். முறுக்கு, மசாலா, பூஜை சாமான் எல்லாம் ஆன்லைன்லயும் விக்கிறோம். தீபாவளிக்கு இன்னும் ரெண்டே வாரம், ஆர்டர் கொட்டுற நேரம்.

சர்வர் கிளவுட்ல, சிங்கப்பூர் மண்டலத்துல இருக்கு. ஒரே டிஸ்க், 500 ஜிபி, ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை டிஸ்க்குல அடுக்கி வைக்கிற முறை) எக்ஸ்எஃப்எஸ். எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சிட்டுப் போயிட்டார். காலை 9, ராத்திரி 9 மணிக்கு ஓடும். 85% தாண்டியிருந்தா டிஸ்க்கை 300 ஜிபி கூட்டி, பார்ட்டிஷனையும் (டிஸ்க்குல பயன்படுத்தப் பிரிச்சு வச்ச பகுதி) பெருசாக்கணும். வெள்ளி ராத்திரியிலிருந்து நாலு தடவை கூட்டியிருக்கு. கிளவுட் பக்கத்துல பார்த்தா 1,700 ஜிபி. சர்வர்ல டிஎஃப் (எவ்வளவு இடம் நிரம்பியிருக்குன்னு காட்டுற கட்டளை) போட்டா அதே 500, 100% ஃபுல். டேட்டாபேஸ் எழுத மறுக்குது. நேத்திலிருந்து வாட்ஸ்அப்புல ஆர்டர் வாங்கி நோட்டுல எழுதிட்டு இருக்கோம். லாக்ல (நடந்ததைப் பதிஞ்சு வைக்கிற ஃபைல்) "பார்ட்டிஷனைப் பெருசாக்க முடியல"ன்னு ஒரு வரி இருக்கு, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு 300 கூட்டினா சரியாகுமா?

பழைய_சர்வர் | 3:24

கூட்டாதீங்க! முதல் வேலையா அந்த ஸ்கிரிப்ட்டை நிறுத்துங்க. இன்னைக்கு 9 மணிக்கு அது மறுபடியும் கூட்டும்.

நடந்தது இதுதான். கிளவுட்ல டிஸ்க் பெருசானா நிலம் வாங்கின மாதிரி. பார்ட்டிஷனைப் பெருசாக்குறது வேலியை நகர்த்துறது. அப்புறம் ஃபைல் சிஸ்டத்தை விரிக்கணும், அதுதான் உழுறது. உங்க ஸ்கிரிப்ட் நிலத்தை வாங்கிக்கிட்டே இருக்கு, வேலி நகரவே இல்ல. அளவெடுக்கிறது மட்டும் வேலிக்குள்ள. அதனால ஒவ்வொரு தடவையும் "நிரம்பிடுச்சு"ன்னு நினைச்சு இன்னொரு மனை வாங்குது.

வேலி ஏன் நகரல? பார்ட்டிஷனைப் பெருசாக்குற குரோபார்ட் கருவி, வேலை செய்ய டெம்ப் ஃபோல்டர்ல (தற்காலிக ஃபைல் வைக்கிற இடம்) ஒரு சின்ன இடம் கேக்கும். உங்களுக்கு டெம்பும் அதே டிஸ்க்குல. அங்கே ஒரு பைட் கூட இல்லைன்னா கருவி தொடங்கவே தொடங்காது. இடம் வேணும்னா கருவி ஓடணும், கருவி ஓடணும்னா இடம் வேணும். எக்ஸ்ட்4ங்கிற வேற ஃபைல் சிஸ்டமா இருந்தா ரூட்டுக்குன்னு (நிர்வாகி கணக்கு) வழக்கமா 5% ஒதுக்கி வச்சிருக்கும், தப்பிச்சிருப்பீங்க. எக்ஸ்எஃப்எஸ்ல அந்தச் சலுகை கிடையாது.

டெம்ப்பை டிஸ்க்குக்குப் பதிலா நினைவகத்துல 10 எம்பி அளவுக்கு மவுன்ட் பண்ணிட்டு குரோபார்ட் ஓட்டுங்க, பிறகு ஃபைல் சிஸ்டத்தை விரிக்கிற எக்ஸ்எஃப்எஸ்-குரோஎஃப்எஸ். அதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கோட அந்த நேரத்து நகல்).

கோப்பி_ஓ_கொசோங் | 3:31

பழைய_சர்வர் அண்ணன் சொன்னது சரி, ஆனா அவசரப்பட வேணாம். எக்ஸ்எஃப்எஸ்ஸை விரிச்சா விரிச்சதுதான், சுருக்க முடியாது. முதல்ல எது இடத்தைத் தின்னுதுன்னு பாருங்க ப்ரோ. டியூ (ஃபைல்களோட அளவைக் கூட்டிச் சொல்ற கட்டளை) போட்டா மொத்தம் எவ்வளவு வருது?

தேக்காவாசி | 3:52

ஸ்கிரிப்ட்டை நிறுத்திட்டேன். டியூ போட்டா 310 ஜிபிதான் வருது! அதுல 240 பொருள் படமும் டெலிவரி ஃபோட்டோவும். மீதி 190 எங்க போச்சு?

கோப்பி_ஓ_கொசோங் | 3:55

சமீபத்துல பெரிய ஃபைல் ஏதாவது அழிச்சீங்களா? உண்மையைச் சொல்லுங்க லா.

தேக்காவாசி | 4:01

…வெள்ளி சாயங்காலம். பேமென்ட் பிரச்சனைக்காக டீபக் லாக் (கோளாறு தேட எல்லாத்தையும் விரிவா எழுதுற பதிவு) ஆன் பண்ணி வச்சிருந்தோம், மறந்துட்டோம். லாக் ஃபைல் ராட்சசன் மாதிரி வளர்ந்திருந்துச்சு. நான்தான் அழிச்சேன்.

கோப்பி_ஓ_கொசோங் | 4:04

அதேதான். வாசல்ல இருந்த பேர்ப்பலகையை எடுத்துட்டீங்க, குடித்தனக்காரர் வீட்டைக் காலி பண்ணல. ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்து வச்சிருக்கிற வரைக்கும், நீங்க அழிச்சாலும் இடம் திரும்பி வராது. பேர் போயிட்டதால டியூ கண்ணுக்குத் தெரியாது, டிஎஃப் மட்டும் எண்ணும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 சேர்த்து ஓட்டுங்க, யார் பிடிச்சு வச்சிருக்கான்னு காட்டும். டீபக்கை அணைச்சிட்டு அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணுங்க.

தேக்காவாசி | 4:20

62%!!! டேட்டாபேஸ் எழுந்திருச்சு. முதலாளியம்மா இப்போதான் டீ வாங்கிக் கொடுத்தாங்க.

அப்போ நாலு தடவை கூட்டினதும் தேவையே இல்லாததா? 1,700ஐ 500 ஆக்க முடியுமா? கிளவுட் பக்கத்துல குறைக்கிற பட்டனையே காணோம்.

பழைய_சர்வர் | 4:33

இருக்காது. ஏறுற படி உண்டு, இறங்குற படி இல்ல. கட்டணம் ஒதுக்கிய அளவுக்கு, எழுதின அளவுக்கு இல்ல. அந்த வெற்று 1,200 ஜிபிக்கும் மீட்டர் ஓடிக்கிட்டுதான் இருக்கு. மேல 9% ஜிஎஸ்டி வேற.

ஒண்ணு சொல்லணும், இன்னும் ரெண்டு தடவை ஏறியிருந்தா 2,300. எம்பிஆர்ங்கிற பழைய முறை பார்ட்டிஷனா இருந்தா 2 டெராபைட்டுக்கு மேல காசு கட்டியும் தொடவே முடியாது.

தேக்காவாசி | 4:40

ஏன் குறைக்க விடமாட்டேங்கிறாங்க? சிங்கப்பூர்ல இடப் பற்றாக்குறைன்னா திருப்பி வாங்கிக்கத்தானே ஆசைப்படணும்?

இரவுப்பணி_ஜூரோங் | 5:15

டேட்டா சென்டர்ல வேலை பார்க்கிறேன், இப்போதான் தூங்கி எழுந்தேன். இடப் பற்றாக்குறை நிஜம். 2019ல புது டேட்டா சென்டருக்கு அனுமதியை நிறுத்தி வச்சாங்க, 2022ல தான் நிபந்தனையோட திறந்தாங்க. 2020ல நாட்டோட மின்சாரத்துல ஏறக்குறைய 7% இந்தக் கட்டடங்களுக்கே போச்சு. 2024ல இன்னும் 300 மெகாவாட்டாவது தரலாம்னு திட்டம் சொன்னாங்க. பக்கத்து மலேசியாவுல, ஜொகூர்ல கட்டடம் முளைக்கிறதும் இதனாலதான்.

ஆனா உங்க டிஸ்க் குறையாததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பெரிய ஸ்டோரேஜ் அமைப்புகள்ல 1,700 கேட்டா 1,700ஐ உடனே எடுத்து வைக்கணும்னு இல்ல. பொதுக் குளத்திலிருந்து எழுத எழுத எடுத்துக் கொடுக்கலாம். எல்லாரும் ஒரே நாள்ல நிரப்ப மாட்டாங்கங்கிற கணக்கு, நம்ம சீட்டுப் பிடிக்கிறவங்க கணக்கு மாதிரி. கூட்டும்போது கடைசியில ஒட்டினா போதும். குறைக்கணும்னா கடைசியை வெட்டணும், அந்த வால் பகுதியில உங்க ஃபைல் இருக்கா இல்லையான்னு வெளியிலிருந்து டிஸ்க்குக்குத் தெரியாது. அது உங்க ஃபைல் சிஸ்டத்துக்கு மட்டும்தான் தெரியும். வெட்டினா யார் பொறுப்பு?

பழைய_சர்வர் | 5:30

அதனால வழி ஒண்ணுதான்: புது சர்வர், சிஸ்டத்துக்கு 30 ஜிபி, டேட்டாவுக்குத் தனி டிஸ்க். ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கிற கருவி) போட்டு ஓடிக்கிட்டிருக்கும்போதே ஒரு தடவை நகலெடுங்க. பிறகு ராத்திரி டேட்டாபேஸை நிறுத்திட்டு வித்தியாசத்தை மட்டும் இன்னொரு தடவை.

அந்த 240 ஜிபி படத்தை டிஸ்க்குல வைக்காதீங்க, ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (கிளவுட்ல ஃபைல்களைத் தனியா வைக்கிற கிடங்கு) அனுப்புங்க. அங்கே வச்ச அளவுக்குத்தான் காசு, அழிச்சா குறையும். மீதி 70க்கு 150 ஜிபி டிஸ்க் தாராளம்.

கோப்பி_ஓ_கொசோங் | 5:38

டெலிவரி ஃபோட்டோல வீட்டு நம்பர், ஆள் முகம் எல்லாம் இருக்குமே. பக்கெட்டை (ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்ல உங்க பெட்டி) பப்ளிக்கா விட்டுடாதீங்க. பிடிபிஏ, அதான் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இருக்கு. மலிவுன்னு வேற நாட்டு மண்டலத்துக்கு அனுப்புறதுன்னாலும் யோசிச்சு.

தேக்காவாசி | செவ்வாய், இரவு 11:48

மாத்தியாச்சு. நேத்து ராத்திரி 1 மணிக்கு நிறுத்தி, 1:40க்குத் திறந்தேன். நோட்டுல இருந்த ஆர்டரை அக்காவும் முதலாளியம்மாவும் உட்கார்ந்து ஏத்தி முடிச்சாங்க, ரெண்டு முறுக்கு ஆர்டர் மட்டும் கையெழுத்து புரியல.

ஸ்கிரிப்ட்டைத் திரும்பப் போடலாமா?

பழைய_சர்வர் | புதன், காலை 7:05

போடலாம். மூணு வரி சேருங்க. டிஸ்க் அளவும் ஃபைல் சிஸ்டம் அளவும் ஒத்துப்போகலைன்னா கூட்டாம நிக்கணும். ஒரு தடவை கூட்டுற அளவைக் குறைச்சு, டிஸ்க் மொத்தம் 300 ஜிபிக்கு மேல என்ன ஆனாலும் ஏறக்கூடாது. ஒவ்வொரு தடவையும் உங்க ஃபோனுக்கு மெசேஜ் வரணும். பழைய டிஸ்க்கை அழிச்சீங்களா?

தேக்காவாசி | 7:22

ஐயோ. சர்வரைத்தான் நிறுத்தினேன், டிஸ்க் அப்படியே இருக்கு. ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு இப்பவே அழிக்கிறேன்.