சீகன்பால்க் என்ற பெயருக்கு என்ன அர்த்தம்?

வணக்கம். போன வாரம் தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கல்லறையைப் பார்த்ததிலிருந்து இந்தக் குடும்பப் பெயர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1682-ல் சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். அப்பா தானிய வியாபாரி. ஜெர்மனில் 'சீகெ' என்றால் வெள்ளாடு, 'பால்க்' என்றால் உரித்த தோல். ஆக, ஆட்டுத்தோல்! முன்னோர்கள் தோல் பதனிட்டவர்களா? கொல்லன் துருத்திக்கும் 'பால்க்' என்பார்கள், அதனால் துருத்தி செய்தவர்களாகவும் இருக்கலாமே? (அடங்காத பிள்ளையைத் திட்டவும் அதே சொல்தான். அதுவாக இருந்தால் சிரிப்புதான்.)

ஜெர்மனியில் இருக்கும் நண்பர்கள் யாராவது, இன்று இந்தப் பெயரில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, இன்னும் சாக்சனிப் பக்கம்தானா என்று தொலைபேசிக் கையேட்டில் பார்த்துச் சொல்ல முடியுமா? அப்புறம், பழைய ஜெர்மன் கையெழுத்தில் உள்ள ஆலயப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.